வீட்டை விற்பதா, கிரைண்டரை நகர்த்துவதா?

திண்ணைப் பதில்கள்
38 வருஷம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவர் பதில் சொல்கிறார்

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் எங்களுடையது வரிசை வீடு. மாமனார் 1971-இல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. 2009-இல் காலமாகிவிட்டார், உயில் எதுவும் எழுதவில்லை. இப்போது நான், வீட்டுக்காரர், 84 வயது மாமியார் மூன்று பேரும் இருக்கிறோம். நாத்தனார் இரண்டு பேர், ஒருவர் தென்காசியில், ஒருவர் தூத்துக்குடியில். ஒரே பையன் சென்னையில். இரண்டு வருஷத்துக்கு முன் மேலப்பக்கத்து வீட்டை ஒருவர் வாடகைக்கு எடுத்து இட்லி மாவு பாக்கெட் போடுகிறார். ராத்திரி இரண்டரைக்கு இரண்டு பெரிய கிரைண்டரும் ஓட ஆரம்பித்தால் ஐந்தரைக்குத்தான் நிற்கும். நடுவில் இருப்பது பொதுச்சுவர். வீட்டுக்காரருக்கு பிரஷர். எழுந்து சுவரைத் தட்டிச் சத்தம் போடுவார். அங்கிருந்தும் பதிலுக்குச் சத்தம் வரும். இப்போது ஒரு புரோக்கர், 42 லட்சத்துக்கு ஆள் இருக்கிறது, உடனே 50 ஆயிரம் அட்வான்ஸ் என்கிறார். வாங்குகிறவர் உள்ளே வந்துகூடப் பார்க்கவில்லை, தெரிந்த இடம்தானாம். விற்றுவிட்டுச் சென்னையில் பிளாட் வாங்கலாம் என்கிறான் பையன். மாமியாரோ, ‘என்னைத் தூக்கிட்டுப் போன பொறவு என்ன வேணும்னாலும் செய்யுங்க’ என்கிறார். விற்கலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கிரைண்டர் சத்தம் கேட்டது. இரண்டாம் தடவை புரோக்கர் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

வீட்டை உள்ளே வந்து பார்க்காமல் வாங்க வருகிறவர்களில் நான் இரண்டு வகையைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, கட்டடத்தை இடித்துவிட்டு மனையை மட்டும் எடுக்கப் போகிறவர். மற்றது, அந்த வீட்டை ஏற்கெனவே அறிந்தவர், பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரர். மாவுக்காரருக்கு இடம் போதாமல் இருக்கலாம். அவருக்கு வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரர் இரண்டையும் சேர்த்துப் பெரிதாகக் கட்ட நினைக்கலாம். இரண்டும் இல்லாமல் வேறு யாராவதாகவும் இருக்கலாம். இது சந்தேகம்தான், யார் மேலும் பழி போடவில்லை. ஆனால் நடுச்சுவரை எடுத்துவிட்டு இரண்டு வீட்டை ஒன்றாக்கப் போகிறவருக்கு உங்கள் வீடு வெளியாளுக்குப் பெறுவதைவிடக் கூடுதல் பெறும். அதனால் ‘பார்ட்டி யாரு, பேரச் சொல்லுங்க’ என்று முதலில் கேளுங்கள். பெயர் வராமல் அந்த 50 ஆயிரத்தைக் கையால் தொடக் கூடாது. அட்வான்ஸ் வாங்கி, உங்கள் வீட்டுக்காரர் மட்டும் ஒரு கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் ‘வேண்டாம்’ என்று சொல்ல அம்பாசமுத்திரம் கோர்ட்டுக்கு நடக்க வேண்டிவரும்.

சரி, அந்த 42 லட்சத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்தப் பணம் முழுவதும் உங்கள் வீட்டுக்காரர் கைக்கு வரும் என்று பையன் கணக்குப் போட்டிருப்பதாகத் தெரிகிறது. மாமனார் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் போன வீடு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு ஒரு பங்கு, பிள்ளைக்கு ஒரு பங்கு, பெண்கள் இரண்டு பேருக்கும் தலைக்கு ஒரு பங்கு. நான்கும் சமம். பெண்களுக்கு என்றைக்குக் கல்யாணம் ஆனது, எத்தனை பவுன் போட்டது என்பதெல்லாம் இதில் பேச்சே இல்லை. 42-ஐ நாலால் வகுத்தால் பத்தரை லட்சம். மாமியார் தன் பங்கையும் மகனோடு சேர்த்தால் 21 லட்சம். நாத்தனார்கள் விட்டுக்கொடுத்தால் முழுசு. விட்டுக்கொடுப்பதை வாய்வார்த்தையாக வைத்துக்கொள்ள முடியாது, விடுதலைப் பத்திரம் பதிய வேண்டும். அவர்களிடம் இன்னும் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

பத்தரை லட்சத்துக்கோ 21 லட்சத்துக்கோ சென்னையில் என்ன கிடைக்கும் என்று பையனையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அதோடு, நம் மாநிலத்தில் வீடோ மனையோ கிரயம் வாங்கினால் முத்திரைத் தீர்வை 100-க்கு 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 ரூபாய் போகும். புதுப் பிளாட்டுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனாலும் கை கடிக்கும்.

இன்னொன்று. ‘என்னைத் தூக்கிட்டுப் போன பொறவு’ என்று பேசும் அந்த அம்மாவை வீட்டில் எல்லோரும் பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவர் கால்வாசி வீட்டுக்குச் சொந்தக்காரி. அவர் கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் கிரயம் பண்ண முடியாது. 84 வயது அம்மாவைக் காரில் ஏற்றிக் கூட்டிவந்து, பெருவிரலைப் பிடித்து ரேகை வைக்கச் சொன்ன குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிலபேர் என் மேஜை முன்னால் உட்கார்ந்துதான் முதல் தடவையாக ‘எந்த வீட்டுக்கு இது?’ என்று கேட்பார்கள்.

என் கதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1996-இல் திருநெல்வேலி டவுனில் அப்பா விட்டுப்போன வீட்டை நான் விற்றேன். அடுத்த வீட்டில் கிரில் பட்டறை. காலை ஏழு மணிக்குக் கம்பி அறுக்கும் மெஷின் கீச்சென்று ஆரம்பித்தால் பல் கூசும். வெல்டிங் வெளிச்சம் எங்கள் தார்சாச் சுவரில் மின்னல் மாதிரி வெட்டும். நானும் உங்கள் வீட்டுக்காரர் மாதிரிதான், மதில் வழியாகவே சத்தம் போட்டு இரண்டு வருஷம் ஓட்டினேன். பிறகு ஒரு கோபத்தில் விற்றேன். கடைசி நாளில் அம்மா அடுக்களை அங்கணத்துக் கல்லைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வெளியே வந்தாள். நாளைக்கு இடிக்கப் போகிற கல்லை ஏன் தேய்க்கிறாய் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பெருமாள்புரத்துப் புது வீட்டில் முதல் மூன்று மாதம் அவளுக்குத் தூக்கமே இல்லை. பழைய சத்தம் இல்லாததால்தான் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். உண்மையில் அவளுக்கு அப்போது முட்டுவலி.

அந்தப் பட்டறைக்காரரை நாலைந்து வருஷம் கழித்து ஆனித் தேரோட்டத்தில் பார்த்தேன். நெல்லையப்பர் தேர் போத்தீஸ் முக்கிலோ எங்கோ நின்றுகொண்டிருந்தது, நாங்கள் இரண்டு பேரும் வடத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றோம். ‘ஒரு வார்த்த வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தா பட்டறைய பொறவாசலுக்குத் தள்ளியிருப்பம்லா அண்ணாச்சி’ என்றார். செய்திருப்பாரா? வீடு கைமாறின பிறகு அப்படிச் சொல்வது சுலபம். ஆனால் நான் அவர் வீட்டு நடையேறி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அது மட்டும் நிச்சயம்.

அதனால் விற்பதற்கு முன் சத்தத்தைக் கொஞ்சம் விசாரிப்போம். இது ஒரு வயதான கொத்தனார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. ராத்திரி கிரைண்டர் ஓட ஆரம்பித்ததும் ஒரு செம்பில் விளிம்புவரை தண்ணீர் எடுத்து, பொதுச்சுவரை ஒட்டித் தரையில் வையுங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்துத் தண்ணீர் முகத்தைப் பாருங்கள். வளையம் வளையமாக நடுங்குகிறதா, சும்மா இருக்கிறதா? பிறகு உள்ளங்கையைச் சுவரில் வையுங்கள். உறுமல் கையில் தெரிகிறதா?

தெரிந்தால், சத்தம் தரை வழியாகவும் சுவர் வழியாகவும் வருகிறது. கிரைண்டர் சுவரில் முட்டிக்கொண்டிருக்கும், அல்லது அதன் இரும்புக் கால்கள் தரையில் நேராக உட்கார்ந்திருக்கும். அதைச் சுவரைவிட்டு இரண்டடி தள்ளி, கால்களுக்கு அடியில் கெட்டியான ரப்பர் கட்டை கொடுத்தாலே உறுமலில் நல்ல பங்கு குறையும். முடிந்தால் எதிர்ச்சுவர்ப் பக்கம் கொண்டுபோகலாம். பேரிங் தேய்ந்த கிரைண்டர் தனியாக ஊளையிடும். அதை மாற்றினால் அவருக்கும் நல்லது, மோட்டார் பிழைக்கும். இதற்கெல்லாம் ஆகும் செலவு, நீங்கள் பத்திரப் பதிவுக்குக் கொடுக்கப் போவதில் பக்கத்தில் வராது.

தண்ணீர் அசையவில்லை, ஆனாலும் காது அடைக்கிறது என்றால் சத்தம் காற்று வழியாக வருகிறது. பழைய வரிசை வீடுகளில் இரண்டு வீட்டு மச்சுக் கட்டைகளும் ஒரே பொதுச்சுவரில்தான் ஏறி உட்கார்ந்திருக்கும். கட்டை ஏறிய இடத்தில் காலப்போக்கில் காரை உதிர்ந்து சந்து விழுந்திருக்கும். ஏணி போட்டு ஏறிப் பாருங்கள், அந்தப் பக்கத்து வெளிச்சம்கூடத் தெரியலாம். அந்தச் சந்துகளைச் சாந்து வைத்து அடைக்க ஒரு கொத்தனாருக்கு அரைநாள் வேலை. இரண்டு வீட்டிலும் முற்றம் திறந்திருந்தால் அதன் வழியாகவும் சத்தம் ஏறி இறங்கும். முற்றத்தைப் பார்த்த கதவை ராத்திரி சாத்தலாம். கட்டிலைப் பொதுச்சுவரிலிருந்து எடுத்து எதிர்ச்சுவருக்கு மாற்றலாம். அதற்குக் காசே இல்லை. (யாராவது முட்டை அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டச் சொல்வார்கள். ஒட்டாதீர்கள். உங்கள் அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், பக்கத்து வீட்டுச் சத்தத்தைத் தடுக்காது. பல்லி குடியேறும்.)

இப்போது பேச்சு. உங்கள் வீட்டுக்காரர் போக வேண்டாம். பிரஷரோடு போனால் சுவரைத் தட்டினதைத்தான் வாசலில் தட்டுவார். நீங்கள் போய் அந்த மாவுக்காரரின் சம்சாரத்தைப் பாருங்கள். பகல் 11 மணிக்குப் போனால் பாத்திரம் கழுவி முடித்து ஓய்ந்திருப்பார்கள். சண்டை வேண்டாம், ஒரே ஒரு உதவி கேளுங்கள்: ‘ஒரு நாள் ராத்திரி ரெண்டே முக்காலுக்கு எங்க பட்டாசல்ல வந்து பத்து நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க.’ அவர்கள் இரண்டு வருஷமாக அந்தச் சத்தத்தை அந்தப் பக்கமிருந்துதான் கேட்டிருக்கிறார்கள். மாமியாரையும் அங்கேயே உட்கார வையுங்கள்.

அவர்கள் பாட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கடைக்கு ஆறு மணிக்குப் பாக்கெட் போயாக வேண்டும். நம் பக்கத்து வெயிலுக்கு முந்தின நாள் மத்தியானம் ஆட்டின மாவு காலைக்குள் புளித்துப் பொங்கி பாக்கெட்டை ஊதவைத்துவிடும். அதனால்தான் நடுராத்திரியில் ஆட்டுகிறார். சாயங்காலம் ஏழிலிருந்து பத்துக்குள் ஆட்டிக் குளிர்பெட்டியில் வைக்க வழி இருக்கிறதா என்று கேட்கலாம். ‘அதுக்குப் பெட்டி வாங்கணும்’ என்பார். இரண்டு வீட்டுக்கும் தூக்கம் கிடைக்குமென்றால், அவர் பெட்டிக்கு நீங்கள் கொஞ்சம் கைமாற்றுக் கொடுத்தாலும் தப்பில்லை. சிரிக்காதீர்கள். 50 ஆயிரம் அட்வான்ஸ் வாங்குவதைவிட 10 ஆயிரம் கைமாற்றுக் கொடுப்பது சில சமயம் லாபம்.

பேசிப் பார்த்தும் நடக்கவில்லை என்றால் சட்டம் இருக்கிறது. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி 45 டெசிபல்தான் அளவு. ராத்திரி என்பது 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை. உங்கள் கிரைண்டர் ஓடுவது முழுவதும் அந்த நேரத்தில்தான். அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் கொடுக்கலாம். செல்போன் செயலியில் அளந்தால் சுமாராகத் தெரியும், அதைச் சாட்சியமாக நம்பாதீர்கள். மனுவைத் தேதி, மணியோடு எழுதுங்கள். ஒரு நோட்டில் 15 நாள் குறித்துவைத்து நகல் சேர்த்தால் இன்னும் நல்லது. சேரன்மகாதேவி சார் ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுக்கலாம், திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். தெருவில் இன்னும் நாலு வீடு சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பொதுத் தொல்லை என்று எடுத்துப் பார்ப்பார்கள். உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் என்றால் முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்பதுதான் வழி, அதற்கு நாள் பிடிக்கும்.

யாராவது வந்து, ‘வீட்டு கரண்டுல தொழில் நடத்துதான், லைசென்ஸ் இருக்கா பாரு, எழுதிப் போடு’ என்று தூண்டுவார்கள். எழுதிப் போடலாம். அபராதம் கட்டுவார், மறுநாளே கடை இணைப்பு வாங்கி முறையாக ஓட்டுவார். அப்போதும் கிரைண்டர் அதே சுவரில்தான் இருக்கும், பேச்சு மட்டும் நின்றிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்று தோன்றலாம். பையன் ஊரில்தான் இனி வாழ்வு, வயதாகிறது, படியேற முடியவில்லை என்று வேறு காரணம் இருந்தால் தாராளமாக விற்கலாம். வீடு சாமி இல்லை. அப்போது புரோக்கர் அவசரத்துக்கு ஓடாதீர்கள். நாத்தனார்கள் இரண்டு பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள். வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா நாலையும் ஒரு பையில் சேருங்கள். பட்டா இன்னும் மாமனார் பேரில்தான் இருக்கும். விற்ற பணத்துக்கு வருமான வரிக் கணக்கு உண்டு. ஆனால் 2001-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் அந்த வருஷம் ஏப்ரல் முதல் தேதி மதிப்பை அசலாகக் காட்டலாம். அவரவர் பங்குப் பணத்தில் இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று வருஷத்துக்குள் கட்டினாலோ விலக்கும் உண்டு. ஓர் ஆடிட்டரிடம் அரைமணி நேரம் உட்காருங்கள். மாமியார் எந்த வீட்டில், எந்த அறையில் இருப்பார் என்று முடிவு செய்யாமல் மட்டும் தேதி குறிக்காதீர்கள்.

கேள்வி: பேட்டையில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. ‘அமைதியான தெரு’ என்கிறார் விற்பவர். நம்பலாமா? சத்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டியது அவர் கடமை இல்லையா?

பதில்: வாங்குகிறவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்றுதான் சொத்து மாற்றச் சட்டம் சொல்கிறது. தெருவில் வந்து நின்றால் கேட்கிற சத்தம் அதில் சேருமா என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, நீங்களே போய் நிற்பது நல்லது. புரோக்கர் கூட்டிப்போகும் நேரத்தில் போகாதீர்கள். அவர் எப்போதும் பகல் மூன்று மணிக்குத்தான் கூட்டிப்போவார், ஊரே தூங்கும் நேரம். காலை ஐந்துக்கு ஒரு தடவை, ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை தனியாகப் போங்கள். தெருமுனை இஸ்திரிக்காரரிடம் இரண்டு சட்டை கொடுத்துவிட்டுப் பேச்சுக்கொடுங்கள். எந்த வீட்டில் யார், எத்தனை மணிக்கு யார் வீட்டு வண்டி உறுமும், எந்த வீடு இரண்டு வருஷத்தில் மூன்று வாடகை மாறியது, எல்லாம் அவருக்குத் தெரியும். விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘நீங்க ஏன் விக்கிறீங்க?’ பதில் சொல்லும்போது அவர் வீட்டுக்காரம்மா முகத்தைப் பாருங்கள்.

கேள்வி: நாங்குநேரி பக்கம் எங்கள் ஊர். கோயில் கொடைக்கு மூன்று நாளும் குழாய் ரேடியோவை எங்கள் மொட்டைமாடிக்கு நேராகக் கட்டுகிறார்கள். வீட்டில் கைக்குழந்தை. பேசாமல் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாமா என்று இருக்கிறது.

பதில்: மூணு நாளுக்கா வீட்டை விப்பீங்க? பொதுவாக ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்கு அரசு 12 மணிவரை தளர்வு கொடுக்கலாம், அதுவும் வருஷத்தில் 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேலும் வில்லுப்பாட்டு ஓடினால் போலீசுக்குச் சொல்ல உரிமை இருக்கிறது. ஆனால் கொடையன்று போலீசைக் கூப்பிட்ட வீடு என்று அடுத்த பத்து வருஷத்துக்குப் பெயர் நிற்கும், யோசித்துக்கொள்ளுங்கள்.

கமிட்டியிடம் கேட்டால் கூட்டம் போடுவார்கள். கொடை வரியை முதல் ஆளாகக் கட்டிவிட்டு, நேராக செட்டுக்காரப் பையனிடம் போங்கள். ஒரு டீ வாங்கிக்கொடுத்து, ‘தம்பி, கைப்பிள்ள இருக்கு, குழாய அந்தப் புளிய மரத்துப் பக்கம் திருப்பிக் கட்டிரு’ என்று சொல்லுங்கள். கட்டின பிறகு சொன்னால் மறுபடி ஏற மாட்டான். கால்நாட்டுக்கு (பந்தல்கால் ஊன்றுவது) மறுநாள் காலையில் வயர் இழுக்க வருவான், அப்போதே பிடித்துவிடுங்கள்.